மறுதட்டில் உப்புநீர்

ஆடி வெள்ளியன்று வேலூரிலிருந்து படவேடு போகும் பஸ்ஸில் பெரியம்மாவுக்கு எப்படியோ ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விரதமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பள்ளத்துல பஸ் குதிக்கும்போது தாங்கமாட்டேங்குது கண்ணு. இருமினாலும் அப்படித்தான், தும்மினாலும் அப்படித்தான். தண்ணியே குடிக்காம இருந்துட்டா தொல்லையில்லை."

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்றார். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இத்தனை வருஷங்களில் அவர் இதைச் சொன்னது படவேட்டு அம்மன் ரேணுகாம்பாளிடம் மட்டும்தான்.

படவேடு அப்படிப்பட்ட ஊர். ஜவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நதியோரம், ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்து இன்று வாழைத்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஆற்றுமணலில் பச்சைக்குடம் வனைந்து நீர் சுமந்தவள் ரேணுகை. ஒரு கணம் மனம் அசைந்ததால் குடம் உடைந்து, கணவன் சொல்ல மகன் கையால் தலை இழந்தவள். அந்தச் சிரசுதான் இங்கே தெய்வம். பெண்ணின் உடம்பு எந்நேரமும் சோதனைக்குள்ளேயே இருக்கிறது என்பதை அறிந்த தெய்வத்திடம், வேறெங்கும் சொல்ல முடியாததைச் சொல்லப் பெண்கள் வருகிறார்கள்.

பெரியம்மா அதோடு நிறுத்தவில்லை. மருமகளின் போனில் ஒரு வீடியோ பார்த்தாராம். நம் ரத்தத்தையே எடுத்துச் சுத்தம் பண்ணி அந்த இடத்தில் ஊசியாகப் போடுகிறார்களாம். கசிவு நிற்குமாம், வறட்சி போகுமாம், அரிப்பு போகுமாம், குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தையும் பிறக்குமாம். "நம்ம ரத்தந்தானே, என்ன கெடுதல் வந்துடப்போவுது? அது நெசமா வேலை செய்யுதா, நீ படிச்சுப் பாத்துச் சொல்லு." அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

அந்த ஊசிக்குப் பெயர் பி.ஆர்.பி. பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா என்று விரிக்கலாம். பிளேட்லெட் என்ற சொல் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்கும் புதிதில்லை, டெங்கு கற்றுக்கொடுத்துவிட்டது. மாலையானால் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்று பார்த்த அம்மாக்கள், பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்த அப்பாக்கள் எல்லாருக்கும் தெரியும், பிளேட்லெட் குறைந்தால் ரத்தக்கசிவு வரும் என்று. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். நம் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி பிளேட்லெட்டுகளைத் தயாரிக்கிறது. ஒவ்வொன்றின் ஆயுளும் 7 முதல் 10 நாள்.

1880களின் தொடக்கம் வரை இவை என்ன வேலை செய்கின்றன என்று யாருக்கும் தெளிவில்லை. இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ என்ற மருத்துவர், உயிருள்ள சிறு விலங்குகளின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ரத்தக்குழாயில் சின்னக் காயம் உண்டாக்கிப் பார்த்தார். சிவப்பணுவும் அல்லாத, வெள்ளையணுவும் அல்லாத நிறமற்ற சிறு தட்டுகள் ஓடிவந்து காயத்தில் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அடைப்பதைக் கண்டார். ஏரிக்கரை உடைந்ததும் ஊரே மண்மூட்டையோடு ஓடுவதுபோல.

அடைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடவில்லை என்பது தெரிய இன்னும் 90 ஆண்டு ஆனது. அமெரிக்காவின் சியாட்டிலில் ரசல் ராஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ரத்தக்குழாயின் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து வடித்த நீரை ஊற்றினால் செல்கள் பெருகின. பிளேட்லெட் நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து வடித்ததை ஊற்றினால் சும்மா கிடந்தன. அதோடு பிளேட்லெட்டைச் சேர்த்ததும் மறுபடி பெருகின. 1974-ல் வெளியான இந்த முடிவு, பிளேட்லெட்டுக்குள் வளர்ச்சியைத் தூண்டும் ஏதோ பொட்டலம் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னது. பிறகு அந்தப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லும் புரதம், செல் பெருகச் சொல்லும் புரதம், நார் நெய்யச் சொல்லும் புரதம் என்று பலவும் உள்ளே இருந்தன. காயத்தை அடைக்க ஓடிவரும் அதே அணு, வீட்டைத் திரும்பக் கட்டக் கொத்தனாருக்கும் சொல்லி அனுப்புகிறது. இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இவ்வளவு அழகான விஷயத்திலிருந்து அடுத்த எண்ணம் பிறப்பது இயற்கைதான். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, குழாயிலிட்டு, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றினால், தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவதுபோல ரத்தம் அடுக்கடுக்காகப் பிரியும். கனத்த சிவப்பணுக்கள் அடியில் தங்கும், வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும், பிளேட்லெட் மிகுந்த பகுதி இடையில். அதை மட்டும் உறிஞ்சி, பழுதான இடத்தில் செலுத்தினால்? 1998-ல் அமெரிக்கத் தாடை அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ், தாடை எலும்பு ஒட்டும் சிகிச்சையில் இது எலும்பு வளர உதவுவதாக எழுதினார். பிறகு விளையாட்டு வீரர்களின் தசைநார், முழங்கால், தலைமுடி, முகச்சுருக்கம் என்று ஊசி நகர்ந்துகொண்டே போனது. பெண்ணுறுப்புக்கு வந்து சேர்ந்ததும் இதே வழியில்தான்.

அமெரிக்காவின் அலபாமாவில் சார்லஸ் ருனெல்ஸ் என்ற மருத்துவர் 'ஓ ஷாட்' என்று பெயர் சூட்டி, வணிகக் குறியீடும் வாங்கி, உலகெங்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பாலுறவில் நாட்டமின்மை, வலி, வறட்சி, கசிவு எல்லாவற்றுக்கும் இது என்று பேசப்பட்டது. இதற்கு அடிப்படையாக 2014-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் பங்குபெற்ற பெண்கள் 11 பேர். எல்லாருக்கும் ஊசி போட்டார்கள், முன்பும் பின்பும் கேள்வித்தாள் கொடுத்தார்கள், பெரும்பாலோர் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். ஊசி போடாத பெண் ஒருத்திகூட அந்த ஆய்வில் இல்லை.

அதனால் என்ன, தேறினார்களே என்று பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் உண்டு. தண்ணீராலும் உணவாலும் பரவும் வைரஸ் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பெயர் போகும். கீழாநெல்லியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. கொடுத்தபின் தேறினார் என்பதும், கொடுத்ததால் தேறினார் என்பதும் ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் நின்றாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய ஆறு ஓடுகிறது.

அந்தரங்க நோவுகளில் அந்த ஆறு இன்னும் அகலம். கசிவும் எரிச்சலும் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். தாங்க முடியாத மாதத்தில்தான் எவரும் மருத்துவரிடம் போவார்கள். அதற்கடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதோடு, வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, முழுதாகக் கேட்டு, உன் கஷ்டம் கற்பனையில்லை என்று சொல்வது பெரிய மருந்து. பெண்களின் பாலுறவுக் குறைபாட்டுக்கு நடந்த பல மருந்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு ஆய்வொன்று, கண்ட முன்னேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருந்தே இல்லாத போலிமருந்து வாங்கியவர்களுக்கும் கிடைத்தது என்று கணக்கிட்டது. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தேறியது. ஆனால் தேற்றியது மாத்திரை இல்லை.

ஆகவே தராசில் ஒரு தட்டில் ஊசியை வைத்தால், மறுதட்டிலும் ஒன்றை வைத்தாக வேண்டும். அந்த எடைக்கல் உப்புநீர். எல்லாப் பெண்களிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். இயந்திரம் எல்லாருக்கும் சுழல வேண்டும். பிளாஸ்மாவின் மஞ்சள் நிறம் காட்டிக்கொடுக்காதபடி ஊசிக்குழலைச் சுற்றி மறைக்க வேண்டும். யாருக்குப் பிளாஸ்மா, யாருக்கு வெறும் உப்புநீர் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவுசெய்ய வேண்டும். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியக்கூடாது, தேறினாளா என்று பார்ப்பவருக்கும் தெரியக்கூடாது. பிறகு இரண்டு தட்டையும் பார்க்கலாம்.

இதை நேர்மையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லைக்கன் ஸ்க்லரோசஸ் என்றொரு தோல்நோய். பெண்ணுறுப்பின் வெளித்தோல் வெளுத்து, மெலிந்து, விடாமல் அரித்து, நாளடைவில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் நின்றவர்களுக்கும் பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் அதிகம் வருவது. நம் ஊரில் வெண்புள்ளி என்று பயந்து மறைத்துவிடுவார்கள். சிலருக்கு, மிகக் குறைந்த விழுக்காட்டினருக்கு, அந்த இடத்தில் புற்றுநோயும் வரலாம். 2017-ல் வாஷிங்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோல்ட்ஸ்டைன் குழு, ருனெல்ஸையும் சேர்த்துக்கொண்டு, 15 பெண்களுக்குப் பி.ஆர்.பி. போட்டுப் பார்த்தது. சோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கில் பலருக்கு அழற்சி குறைந்திருந்தது. அந்த இடத்தில் நின்றிருந்தால் அவர்களுக்கு நல்ல பேரும் பணமும் கிடைத்திருக்கும்.

அவர்கள் நிற்கவில்லை. சுமார் 30 பெண்களைச் சேர்த்து, மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு உப்புநீர் என்று குலுக்கிப் போட்டு, துணுக்குகளை யாருடையது எது என்று அறியாத நோயியல் வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. இரண்டு தட்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தாங்களே முன்பு எழுதிய நம்பிக்கையைத் தாங்களே எடைபோட்டு, எடை இல்லை என்று அச்சில் ஒப்புக்கொண்டார்கள். மருத்துவத்தில் இதைவிட மரியாதைக்குரிய செயல் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னபோது பெரியம்மா நான் எதிர்பார்க்காத இடத்தில் நின்றுவிட்டார். "அப்போ கொஞ்சம் பொம்பளைங்க, அந்த எடத்துல, வெறும் உப்புத்தண்ணிய குத்திக்கிட்டாளுங்களா? தெரிஞ்சேவா?" உப்புநீராகவும் இருக்கலாம் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மத்தவங்களுக்குத் தெரியட்டும்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருடைய தொல்லையான கசிவுக்கு வருவோம். இருமல், தும்மல், தூக்கல், குதித்தல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் கசியும் வகை இது. இதற்கும் முதலில் வந்தவை சின்ன ஆய்வுகள். தைவானில் 20 பெண்கள், ஏதென்ஸில் 20 பெண்கள். மறுதட்டு இல்லை, பலருக்குத் தேறியது. பிறகு இரண்டு இடங்களில் உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டிலும் ஐம்பது பேர் அளவில். ஏதென்ஸ் குழுவின் சோதனையில் ஆறு மாதம் கழித்துப் பி.ஆர்.பி. வாங்கியவர்கள் நன்றாகவே முந்தியிருந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த சோதனையில் வித்தியாசம் தென்படவில்லை. இரண்டும் 2024-ல் அச்சேறின.

ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. இந்த இடத்தில் நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள ஆசை வரும், விளம்பரம் எழுதுபவருக்கு இன்னும் அதிகமாக வரும். சென்னையில் நடந்த ஒரு பழைய கதை எனக்கு நினைவுக்கு வந்தது. அதே கீழாநெல்லியின் கதை. 1988-ல் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். காமாலைபோலத் தானே இறங்கிப்போகாத, நெடுங்காலம் உடம்பில் தங்கிவிடும் ஹெபடைடிஸ் பி கொண்டவர்களுக்குக் கீழாநெல்லி இனத்துச் செடியைப் பொடித்துக் கொடுத்தார்கள். பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. போலிமருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. மறுதட்டும் இருந்த சோதனை அது, குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பிறகு பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த அளவுப் பலன் திரும்ப வரவில்லை. ஐம்பது அறுபது பேர் கொண்ட ஒரு சோதனை கதவைத் தட்டிக்காட்டும். கதவு திறந்ததா என்று அறிய இன்னொருவர், இன்னொரு ஊரில், இன்னும் அதிகம் பேரோடு தட்டிப் பார்க்க வேண்டும்.

பி.ஆர்.பி.யை அதிகம் பேரோடு தட்டிப் பார்த்த இடம் முழங்கால். ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் கொண்ட 288 பேருக்குப் பி.ஆர்.பி., உப்புநீர் என்று பிரித்துக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். வலியிலும் சரி, குருத்தெலும்பின் கன அளவிலும் சரி, பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2021-ல் எழுதினார்கள். முழங்கால் வேறு, அடிவயிறு வேறு என்பது சரிதான். இருந்தாலும் இந்த ஊசி பெரிய தராசில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதற்கு அது ஒரு குறி.

எனக்கு மிகவும் வலிப்பது குழந்தைப்பேறு விஷயம். நம் ஊர்களில் கருத்தரிப்பு மையங்கள் பெருகிவிட்டன. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தால் வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. நகையை அடகுவைத்து வருகிறார்கள். முட்டை குறைந்த சூலகத்துக்குள் பி.ஆர்.பி. செலுத்தினால் அது புத்துயிர் பெறும் என்ற பேச்சு கிரேக்கக் குழுவொன்று 2016-ல் சொன்ன சில பெண்களின் கதையிலிருந்து பரவியது. அமெரிக்காவில் 80-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த சோதனை 2024-ல் வந்தது. சூலக ஊசி பெற்றவர்களுக்கு முதிர்ந்த முட்டைகள் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-லேயே, சூலகத்துக்குள் செலுத்துவதையும் கருப்பைக்குள் செலுத்துவதையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் இந்த ஊசிக்காகக் காத்திருக்கும் ஆறு மாதம், பணத்தைப் போலத் திரும்பச் சம்பாதிக்க முடியாதது.

பி.ஆர்.பி.க்காகப் பேசுபவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால் எங்கே வாங்கினாலும் 500தான். பி.ஆர்.பி. அப்படியில்லை. ஒருவர் ஒருமுறை சுழற்றுகிறார், ஒருவர் இருமுறை. ஒருவர் வெள்ளையணுக்களை நீக்குகிறார், ஒருவர் விட்டுவைக்கிறார். கால்சியம் சேர்த்துத் தூண்டுவோர் உண்டு, அப்படியே போடுவோரும் உண்டு. எடுத்தவரின் ரத்தத்திலேயே அன்றைக்கு எவ்வளவு பிளேட்லெட் இருந்தது என்பதும் வேறுபடும். ஆகவே ஒரு சோதனை தோற்றால் தோற்றது அந்தத் தயாரிப்பாக இருக்கலாம் என்கிறார்கள். இன்னொன்று, உப்புநீர்கூட முழுக்கச் சும்மா இருப்பதில்லை. ஒட்டிய திசுவைப் பிரித்துக் கொஞ்சம் நன்மை செய்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டும் ஆராயத்தக்கவை. ஆனால் எந்தத் தயாரிப்பு, எவ்வளவு, எத்தனை முறை என்று இன்னும் தெரியாது என்பதே அவர்கள் வாதம் என்றால், அந்தத் தெரியாத பொருளை எப்படி விலைபோட்டு விற்கலாம்? ஆராய்ச்சிக்குக் கூப்பிடட்டும். அங்கே ஊசிக்குப் பெண் பணம் கட்ட வேண்டியதில்லை.

"நம்ம ரத்தந்தானே" என்ற பெரியம்மாவின் சமாதானத்தில் பாதி சரி. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது. வலி, வீக்கம், ரத்தக்கட்டு, கிருமித்தொற்று ஆகியவை ஊசிக்குரியவை. ஆனால் ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருகிற வழி சுத்தமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்குப் பி.ஆர்.பி. போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் கெடுதல் ஒன்று உண்டு. லைக்கன் ஸ்க்லரோசஸுக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, குளோபெட்டசால் போன்றது, மருத்துவர் சொன்ன முறையில் தடவினால் அடங்கும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. விலையும் குறைவு. ஊசியை நம்பிக் களிம்பை விட்டால் தோல் சுருங்கி ஒட்டிக்கொண்டே போகும்.

இந்த எடைபோடும் வேலைக்குப் படவேட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. பஸ் கிளம்பிய வேலூரிலேயே அது நடந்தது. காக்ரேன் என்ற உலக அமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் அமைந்தது, பிரதாப் தர்யன் அதை நடத்தினார். உலகில் ஒரு சிகிச்சைக்காக நடந்த எல்லாச் சோதனைகளையும், வென்றவை தோற்றவை என்று பார்க்காமல், தேடிச் சேர்த்து ஒரே தராசில் ஏற்றுவது காக்ரேனின் தொழில். 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா கட்டி, அந்தத் தொகுப்புகளின் நூலகத்தை இந்தியர் எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்க வழிசெய்தது.

பெயருக்குரிய ஆர்ச்சி காக்ரேன் ஸ்காட்லாந்து மருத்துவர். சோதித்துப் பாராமல் பழக்கத்தால் வைத்தியம் செய்யும் துறைகளில் கடைசி இடம் மகப்பேறு மருத்துவத்துக்கே என்று 1979-ல் கடிந்தவர். அந்தக் கடிந்துரை பெண்களுக்காகப் பேசியதுதான். அமைப்பின் சின்னத்திலும் ஒரு பெண் கதை ஒளிந்திருக்கிறது. குறைமாதத்தில் பிரசவ வலி வந்த தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து பிழைக்கும் என்று 1972-லேயே நியூசிலாந்துச் சோதனையொன்று காட்டியிருந்தது. அடுத்தடுத்த சோதனைகளில் சில தெளிவாகவும் சில மங்கலாகவும் இருந்ததால் மருத்துவர்கள் தயங்கினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டதும் உண்மை பளிச்சென்று தெரிந்தது. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் போய்விட்டன. அந்தப் படம்தான் சின்னம். சரியாக எடைபோட்டால் வீண் ஊசி விலகும். எடைபோடாமல் விட்டால் தேவையான ஊசியும் கிடைக்காமல் போகும்.

சி.எம்.சி.யின் பிறப்பும் இந்தக் கட்டுரைக்குத் தொலைவில்லை. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் திண்டிவனத்தில் இருந்த ஒரே இரவில், பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். மருத்துவரான அவர் தந்தை வரத் தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மறுத்தார்கள். விடிவதற்குள் மூவரும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் திரும்பி, சி.எம்.சி.க்கு வித்திட்டார். நூறாண்டுக்கு மேல் ஆகியும், அதே ஊரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். சொல்லத் தயங்குகிற நோவு இருக்கும்வரை அதை விலைபேச ஒரு வீடியோ இருக்கும்.

கசிவைப் பற்றிக் காக்ரேன் தராசில் ஏறிய வேறொரு விஷயம் இருக்கிறது. இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில்போலச் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் தசைகள் உண்டு. அவற்றுக்கான பயிற்சியை 1948-ல் ஆர்னால்டு கேகல் என்ற மருத்துவர் எழுதினார். 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு 14 நாடுகளில் 1,817 பெண்களைக் கொண்ட 31 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. இருமினால் கசியும் வகையில், பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினர். அந்த எண்களை நான் இரண்டு முறை படித்தேன். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, காசும் இல்லை. அதனால்தான் இதற்கு விளம்பரமும் இல்லை.

செய்வது இப்படி. சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல, சிறுநீரையும் அடக்குவதுபோல, அந்தத் தசையை உள்ளே மேலே இழுக்க வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. முதலில் மூன்று எண்ணும்வரை, பழகப்பழகப் பத்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர்த்த வேண்டும். குறைந்தது எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது பழகக் கூடாது. சரியான தசையைத்தான் இழுக்கிறோமா என்று பிசியோதெரபிஸ்டோ பெண் மருத்துவரோ ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது. அடி இறங்கியிருந்தால், ரத்தம் வந்தால், எரிச்சலோ வெள்ளைத் திட்டோ இருந்தால் முதலில் காட்டிவிடத்தான் வேண்டும்.

ஊசியே வேண்டும் என்று போகிறவர்களுக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம், பாலின்பத்தைக் கூட்டும் என்றும் பெண்ணின் மலட்டுத்தன்மை நீங்கும் என்றும் மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அத்தகைய நோவுகளில்தான் மக்கள் கூசி ஏமாறுகிறார்கள் என்று அன்றே கண்டவர்கள் எழுதிய சட்டம் அது. 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், மனிதரிடம் நடக்கும் சோதனைகள் பதிவாகின்றன. 2009 முதல் அது கட்டாயம். இது ஆராய்ச்சி என்று சொல்லும் மருத்துவரிடம் பதிவு எண்ணைக் கேட்கலாம். ஆராய்ச்சி இல்லை, நிரூபணமான சிகிச்சை என்று சொல்பவரிடம், உப்புநீரோடு ஒப்பிட்டவர் யார், எத்தனை பெண்களில் என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இதையெல்லாம் ஒரே நாளில் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. படித்துப் படித்து, வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அடுத்த ஆடி வெள்ளிக்கும் படவேடு போனோம். கோயில் மண்டபத்தில் வேப்பிலை வாசனைக்கு நடுவே வெகுநேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது சந்தவாசல் நிறுத்தத்தில் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கி முழுதும் குடித்தார். பஸ் கண்ணமங்கலம் நெருங்கும்போது பார்த்தேன். உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஏதோ நாமம் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தபோது கேட்டது: ஏழு, எட்டு, ஒம்போது, பத்து. பிறகு மூச்சு விட்டார். பிறகு ஒண்ணிலிருந்து.